441 துளைகளும் ஓர் அக்ரிலிக் தகடும்: அச்சில் புள்ளிகளைப் பிரதிபலிக்கும் பலகை

நேற்று மாலை (2, −5)-இல் செருகியிருந்த சிவப்புக் குச்சியின் பிம்பம், தகட்டுக்குப் பின்னால் (2, 5)-இல் நின்ற நீலக் குச்சியின் மேல் கச்சிதமாகப் போய் உட்கார்ந்தது. தலையை இடப்பக்கமும் வலப்பக்கமும் அசைத்துப் பார்த்தேன். இரண்டும் பிரியவில்லை. இதற்கு இரண்டு பலகைகளும் பதினான்கு மணி நேரமும் ஆகியிருக்கின்றன. நினைவில் இருக்கும்போதே எழுதி வைக்கிறேன்.

எல்லாம் அக்கா மகனின் கணக்கு நோட்டில் தொடங்கியது. (−3, 4) என்ற புள்ளியை எக்ஸ் அச்சில் பிரதிபலிக்கச் சொல்லியிருந்தது. அவன் (3, 4) என்று எழுதியிருந்தான். ஏன் என்று கேட்டேன். "எக்ஸ் அச்சுன்னுதானே மாமா இருக்கு, அதான் எக்ஸை மாத்தினேன்" என்றான். அவன் சொன்னதில் ஒரு நியாயம் இருக்கிறது. பெயரை மட்டும் பார்த்தால் யாருக்கும் அப்படித்தான் தோன்றும். "எக்ஸ் அச்சு என்றால் ஒய் மாறும்" என்று மனப்பாடமாகச் சொல்லிக்கொடுத்திருக்கலாம். ஒரு வாரத்தில் அது தலைகீழாகிவிடும் என்று எனக்குத் தெரியும், ஏனென்றால் எனக்கே அப்படி ஆகியிருக்கிறது. அதனால் கையால் தொட்டுப் பார்க்கும்படி ஒன்று செய்துவிடலாம் என்று இறங்கினேன்.

முதலில் காகிதம். வரைபடத்தாளில் இரண்டு அச்சுகளையும் வரைந்து, (2, −5)-இல் ஒரு புள்ளி வைத்தோம். எக்ஸ் அச்சின் மேலேயே தாளை மடித்து, புள்ளியில் ஊசியால் குத்திப் பிரித்தால், (2, 5)-இல் ஓட்டை. அச்சு மடிப்பில் இருக்கிறது, புள்ளி மடிப்புக்கு அந்தப் பக்கம் அதே தூரத்தில் போய் விழுகிறது, இடமோ வலமோ நகரவில்லை. அவன் முகத்தில் முதல் தெளிவு வந்தது அப்போதுதான். பிறகு இரண்டு அச்சுகளிலும் மடித்து நான்கு அடுக்காக்கி ஒரே குத்து. பிரித்தால் நான்கு கால்பகுதிகளிலும் ஒவ்வோர் ஓட்டை: (2, 5), (−2, 5), (−2, −5), (2, −5).

தடித்த தாளில் நான்கு அடுக்கு மடிப்பு வழுக்கிவிடுகிறது. எங்களுக்கு ஓர் ஓட்டை 2 மி.மீ. தள்ளி விழுந்தது. டிரேசிங் தாளுக்கு மாறி, அச்சின் மீது அளவுகோலின் விளிம்பை அழுத்தி, நகத்தால் நீவி மடித்த பிறகு வித்தியாசம் கண்ணுக்குத் தெரியவில்லை. பத்து நிமிட வேலை. வேறு எதுவும் செய்ய நேரமில்லாதவர்கள் இதோடு நிறுத்திக்கொள்ளலாம், குறையொன்றும் இல்லை. எனக்குப் போதாததற்குக் காரணம், ஒரு முறை குத்திய தாளில் விடை ஏற்கெனவே இருக்கிறது. "இங்கேதான் விழும்" என்று அவன் முன்கூட்டியே ஓர் இடத்தைச் சொல்லி, பிறகு சரிபார்க்கும்படி ஒரு பொருள் வேண்டும் என்று நினைத்தேன்.

அப்படித்தான் பலகை யோசனை வந்தது. 60 செ.மீ. சதுரத்தில், 12 மி.மீ. தடிமன் கொண்ட ஒரு பிளைவுட் துண்டு. 25 மி.மீ. இடைவெளியில் துளைகள். −10 முதல் 10 வரை என்றால் ஒரு வரிசையில் 21, மொத்தம் 441. நான்கு பக்கமும் 5 செ.மீ. விளிம்பு மிஞ்சும். அச்சின் மேல் ஒளிபுகும் அக்ரிலிக் தகடு ஒன்றைச் செங்குத்தாக நிறுத்தினால், முன்னால் உள்ள குச்சியின் பிம்பமும் பின்னால் உள்ள நிஜக் குச்சியும் ஒரே நேரத்தில் தெரியும். பின்னால் ஒரு குச்சியைச் செருகிவிட்டுப் பார்க்க வேண்டும், பிம்பத்தோடு ஒன்றினால் சரி.

முதல் பலகையில் மூன்று தவறுகள் செய்தேன். மூன்றும் பலகை முடிந்த பிறகுதான் தெரிந்தன.

பள்ளி வரைபடத்தாளில் செய்கிற மாதிரி, கீழ் இடது மூலையிலிருந்து தொடங்கினேன். கவராயத்தை 25 மி.மீ. விரித்து, ஒரு குறியிலிருந்து அடுத்த குறிக்கு நடத்திக்கொண்டே போனேன். போகப்போகக் கவராயத்தின் திருகு இளகி, கால்கள் மெல்ல விரிந்திருக்கின்றன. முடிவில் அளந்தால் இடப்பாதி 250 மி.மீ., வலப்பாதி 255. எல்லா இடைவெளியும் ஒரே அளவில் கூடியிருந்தால் பாதகமில்லை, 25 என்பது 25.3 ஆனாலும் இரண்டு பாதியும் சமமாகவே இருக்கும். ஒரு பக்கம் மட்டும் கூடியதுதான் கெடுத்தது.

அடுத்தது, ஒய் அச்சைப் பலகையின் விளிம்புக்கு இணையாக இழுத்தது. அந்தத் துண்டு வேறு வேலையில் மிஞ்சியது, கையால் அறுத்தது. மூலை 90 பாகை இருக்கும் என்று நம்பிவிட்டேன்.

மூன்றாவது எனக்கு மிகவும் வருத்தம் தந்தது. தகடு ஆடாமல் நிற்க எக்ஸ் அச்சின் மேலேயே 3 மி.மீ. அகலத்துக்குக் காடி வெட்டினேன். வெட்டி முடித்த பிறகுதான் (5, 0) போன்ற புள்ளிகளுக்குக் குச்சி செருக இடமே இல்லை என்பது உறைத்தது. அச்சின் மேல் இருக்கும் புள்ளி பிரதிபலித்தாலும் நகராது என்பதைக் காட்டுகிற 21 துளைகளையும் நானே அழித்துவிட்டேன்.

சோதித்துப் பார்த்தபோது, (8, −10)-இல் வைத்த குச்சியின் பிம்பம் (8, 10)-ஐ விட்டு ஏறக்குறைய 9 மி.மீ. பக்கவாட்டில் தள்ளி விழுந்தது. அச்சுக்கு அருகே இருக்கும் புள்ளிகளில் வித்தியாசம் சின்னது, தூரம் போகப்போகப் பெரிதானது. இந்த ஒரு குறிப்பே போதுமாக இருந்திருக்க வேண்டும். நான் பலகையைச் சந்தேகப்படாமல் தகட்டைச் சந்தேகப்பட்டேன். ஓர் அக்ரிலிக் தகட்டில் முன்பரப்பு ஒரு பிம்பம், பின்பரப்பு ஒரு பிம்பம் என்று இரண்டு தெரியும். 3 மி.மீ. தகட்டில் அவை ஒன்றன் பின் ஒன்றாக 4 மி.மீ. இடைவெளியில் நிற்கும். இந்த இரட்டைப் பிம்பம்தான் குழப்புகிறது என்று முடிவுகட்டி, தகட்டை எடுத்துவிட்டு முகம் பார்க்கும் கண்ணாடிப் பட்டை ஒன்றை நிறுத்தினேன்.

ஒரு மாலை முழுவதும் இதில் போயிற்று. கண்ணாடிக்குப் பின்னால் எதுவும் தெரியாது என்பதால், கண்ணாடியைவிட உயரமான பென்சில் ஒன்றைப் பின்னால் நிறுத்தி, மேலே நீட்டிக்கொண்டிருக்கும் பகுதியும் பிம்பமும் தலையை அசைக்கும்போது பிரியாமல் நகரும் இடத்தைத் தேடினேன். முன்னால் 125 மி.மீ.-இல் குச்சி. பின்னால் பென்சில் ஒன்றிய இடம் 129. சாதாரணக் கண்ணாடியில் பாதரச நிறப் பூச்சு பின்பக்கம் இருக்கிறது. ஒளி 3 மி.மீ. கண்ணாடிக்குள் போய்த் திரும்பி வருகிறது. கண்ணாடியின் ஒளிவிலகல் எண் ஏறத்தாழ 1.5 என்பதால், பிரதிபலிக்கும் தளம் முன்பரப்புக்கு 2 மி.மீ. பின்னால் இருப்பது போல் நடந்துகொள்ளும். பிம்பம் அதன் இருமடங்கு, 4 மி.மீ. தள்ளிப் போகும். கண்ணாடியை 2 மி.மீ. முன்னால் நகர்த்தியதும் 125-க்கு 125 வந்துவிட்டது. கண்ணாடி வைத்துச் செய்கிறவர்கள் இந்த 2 மி.மீ.-ஐ மறக்க வேண்டாம்.

ஆனால் பக்கவாட்டு 9 மி.மீ. அப்படியே இருந்தது.

அதன் பிறகே பலகையின் மூலைவிட்டங்களை அளந்தேன். ஒன்று 856 மி.மீ., மற்றது 841. 60 செ.மீ. சதுரத்துக்கு இரண்டும் 848.5 இருக்க வேண்டும். கணக்குப் போட்டால் மூலை ஒரு பாகை சரிந்திருக்கிறது. ஒரு பாகைதானே என்று தோன்றும். அச்சிலிருந்து 250 மி.மீ. தூரத்தில் அது 4.4 மி.மீ. சரிவு. மேலே ஒரு பக்கம் 4.4, கீழே எதிர்ப்பக்கம் 4.4, மொத்தம் 8.8. எனக்கு வந்த 9 மி.மீ. இதுதான். தகடு முதல் நாளிலிருந்தே உண்மையைச் சொல்லிக்கொண்டிருந்தது. பிரதிபலிப்பில் புள்ளி அச்சைச் செங்குத்தாகக் கடக்கிறது. என் பலகையில் செங்குத்தே இல்லை.

இரண்டாவது பலகையை நடுவிலிருந்து தொடங்கினேன். முதலில் ஆதிப்புள்ளி, பிறகு எக்ஸ் அச்சு, பிறகு ஒய். அளவுகள் எல்லாம் ஆதிப்புள்ளியிலிருந்தே, குறிக்குக் குறி தாவாமல். அளவுகோலின் முனை தேய்ந்திருந்ததால் 10 செ.மீ. கோட்டை ஆதிப்புள்ளியில் வைத்து, 12.5, 15, 17.5 என்று குறித்தேன்.

ஒய் அச்சை இழுப்பதற்கு முன், செங்கோணம் பார்க்கும் மூலைமட்டத்தையே சோதித்தேன். தச்சர்கள் காலங்காலமாகச் செய்கிற சோதனைதான் இது. நேரான விளிம்பில் மட்டத்தை அணைத்து ஒரு கோடு. பிறகு மட்டத்தைப் புரட்டிப் போட்டு, அதே இடத்திலிருந்து இன்னொரு கோடு. மட்டம் சரியாக இருந்தால் இரண்டும் ஒன்றின் மேல் ஒன்று விழும். எனக்கு 250 மி.மீ. உயரத்தில் 2 மி.மீ. பிரிந்தது. மட்டத்தின் பிழை அதில் பாதி, 1 மி.மீ. உண்மையான செங்குத்து இரண்டு கோடுகளுக்கும் நடுவில். அந்த நடுக்கோட்டையே ஒய் அச்சாக எடுத்துக்கொண்டேன். 15, 20, 25 செ.மீ. முக்கோணம் வைத்தும் பார்த்தேன், 25 சரியாக 25.

கோடு போட்டுக்கொண்டிருக்கும்போதுதான் என் கை என்ன செய்கிறது என்பது எனக்குப் புரிந்தது. மட்டத்தைப் புரட்டுவது என்பதே ஒய் அச்சில் ஒரு பிரதிபலிப்பு. சாய்ந்த கோடு எதிர்ப்பக்கம் சாய்கிறது, நேரான கோடு மட்டும் அசையாமல் நிற்கிறது. பையனைக் கூப்பிட்டு இதைக் காட்டினேன். மட்டத்தை அவனே நான்கு முறை புரட்டிப் பார்த்தான். பலகை முடிவதற்கு முன்னாலேயே அவனுக்குப் பாதிப் பாடம் முடிந்துவிட்டது என்று நினைக்கிறேன்.

துளைகளுக்கும் இதே வித்தை. 21 துளைகள் கொண்ட ஒரு மரப்பட்டையை வழிகாட்டியாகச் செய்தேன். 6 மி.மீ. தடிமன். அதன் நடுத்துளையை ஆதிப்புள்ளியில் வைத்துத் துளைகள் வழியே பென்சில் புள்ளி இட்டு, பட்டையை முனைக்கு முனை திருப்பி மறுபடியும் புள்ளி இட்டேன். மூன்று இடங்களில் இரட்டைப் புள்ளி. 0.8 மி.மீ. வரை வித்தியாசம். அந்தப் பட்டையைத் தூக்கி வைத்துவிட்டு இன்னொன்று செய்தேன். பட்டையில் ஒரு துளை தப்பாக இருந்தால் பலகையில் ஒரு பத்தியே தப்பாகும் என்பதால், இங்கே செலவழித்த முக்கால் மணி நேரம் வீண் இல்லை.

துளையின் ஆழம் 8 மி.மீ. வேண்டும் என்று ட்ரில் பிட்டில் 8 மி.மீ.-இல் டேப் சுற்றினேன். பட்டையின் 6 மி.மீ.-ஐக் கணக்கில் சேர்க்கவில்லை. முதல் வரிசை முழுக்க 2 மி.மீ. பள்ளங்கள். டேப்பை 14-க்கு ஏற்றி மறுபடியும் போட்டேன். குச்சிகள் 6 மி.மீ. உருளைகள், துளையும் 6 மி.மீ. என்று முதல் பலகையில் வைத்திருந்தேன். பிடுங்கும்போது மேல் அடுக்கு பெயர்ந்து வந்தது. இம்முறை 6.5 பிட். துளை போட்டு முடித்ததும் 120 எண் உப்புத்தாளால் ஒரு தேய்ப்பு.

காடி இல்லாமல் தகட்டை நிறுத்த வேண்டுமே? 5 செ.மீ. விளிம்பு இங்கே கைகொடுத்தது. தகட்டின் நீளம் 60 செ.மீ., உயரம் 15. இரு முனைகளிலும் பிளந்த மரக்கட்டைகளில் செருகி, கட்டைகளை விளிம்பில் கிளாம்ப் போட்டேன். தகட்டின் அடி, பலகையிலிருந்து 15 மி.மீ. தூக்கி நிற்கும். அச்சின் மேல் வரும் புள்ளிகளுக்கு 12 மி.மீ. மட்டுமே வெளியே தெரியும்படி குட்டைக் குச்சிகள், தகட்டுக்கு அடியில் நிற்கும். (5, 0)-இல் குட்டைக் குச்சியை அவன் செருகிவிட்டு, "இதோட பிம்பம் எங்க?" என்று தேடினான். நான் எதுவும் சொல்லவில்லை. சற்று நேரம் கழித்து, "அதுவேதான்" என்று அவனே சொன்னான்.

தகட்டின் முன்பரப்பு அச்சுக் கோட்டின் மேல் வர வேண்டும். இரட்டைப் பிம்பத்தில் நம் பக்கம் நெருங்கி நிற்பதே கணக்கில் சேரும். 2 மி.மீ. தகடு வாங்கினால் பிம்பங்கள் நெருங்கும் என்று அதையும் முயன்றேன். 60 செ.மீ. நீளத்தில் அது வளைந்து, பிம்பமும் வளைந்தது. 3 மி.மீ.-க்கே திரும்பினேன். விளக்கு நம் பக்கம் இருக்க வேண்டும், பின்பக்கம் சற்று மங்கலாக இருந்தால் பிம்பம் எடுப்பாகத் தெரியும். இன்னொன்று: முதலில் அவனைப் பலகையின் மேல்பக்கம் உட்காரவைத்தேன், மிகை எண்கள் இடப்பக்கம் போய்க் குழம்பினான். கீழ்ப்பக்கம் உட்காரவைத்து, தொடக்கப் புள்ளியைக் கீழ்ப்பாதியில் வைப்பதே சரி.

இனி புள்ளிகள். இதில் நான் எதிர்பார்க்காத அளவு தடுமாறினேன். முதல் சோதனைக்கு (4, −4) கொடுத்தேன். (−4, 4) என்று இரண்டையும் இடம் மாற்றினால் வருவதும், இரண்டு குறிகளையும் மாற்றினால் வருவதும் ஒன்றே. அவன் எந்த வழியில் தவறினான் என்று எனக்குத் தெரியவே இல்லை. (0, 5)-ஐ ஒய் அச்சில் பிரதிபலிக்கச் சொன்னால், ஒன்றுமே செய்யாதவனுக்கும் விடை சரி. (2, −5) மாதிரி, குறியை விட்டுவிட்டுப் பார்த்தாலும் இரண்டு எண்களும் வேறு வேறாக, எதுவும் சுழியமாக இல்லாமல் இருந்தால், குறி மாற்றமும் இடமாற்றமும் சேர்ந்து எட்டு வெவ்வேறு இடங்கள் கிடைக்கின்றன. எட்டில் எங்கே குச்சி நிற்கிறது என்று பார்த்தாலே மனசுக்குள் என்ன நடந்தது என்று தெரிந்துவிடும்.

அப்படிப் பார்த்ததில்தான் இன்னொரு தவறு வெளியே வந்தது. (−3, −4)-ஐ எக்ஸ் அச்சில் பிரதிபலிக்கச் சொன்னபோது அவன் குச்சியைத் தொடவே இல்லை. "ஏற்கெனவே மைனஸ் இருக்கே மாமா" என்றான். பிரதிபலிப்பு என்றால் மைனஸ் போடுவது என்று அவனுக்குப் பதிந்திருந்தது. தகட்டை வைத்ததும் பிம்பம் மேலே (−3, 4)-இல் தெரிந்தது. அதன் பிறகு நான் "மைனஸ் போடு" என்ற பேச்சையே விட்டுவிட்டு, "குறியை மாற்று" என்று சொல்லத் தொடங்கினேன். தூரம் அதே, பக்கம் வேறு.

உருவங்களுக்கு நம் எழுத்துகளே வசதி. (1, 6), (1, 1), (4, 1) மூன்று குச்சிகளில் நூலைச் சுற்றினால் "ட". ஒய் அச்சில் பிரதிபலித்தால் (−1, 6), (−1, 1), (−4, 1), கண்ணாடியில் பார்த்த "ட". அதே வரிசையில் நூலைச் சுற்றும்போது முதலில் இடஞ்சுழியாகப் போன கை, பிம்பத்தில் வலஞ்சுழியாகப் போகிறது. அதை மறுபடி எக்ஸ் அச்சில் பிரதிபலித்தபோது சுற்று பழையபடி இடஞ்சுழி. அவன் பலகையை அரைச்சுற்று திருப்பினான். மூன்றாம் கால்பகுதியில் நேரான "ட" நின்றது. "ப" எழுத்தை ஒய் அச்சின் இருபுறமும் சமமாக வைத்தால் பிரதிபலித்தாலும் "ப"தான். ஆனால் இடக்கால் வலக்காலாகியிருக்கிறது, அதைக் காட்ட ஒரு குச்சியில் வண்ணம் பூச வேண்டியிருந்தது.

கணக்கு வழக்கு: பிளைவுட் இரண்டு சதுரம், அதில் ஒன்று வீண். 3 மீட்டர் உருளைக் குச்சியில் 50 மி.மீ. துண்டுகள் 57 கிடைத்தன, ரம்பத்தின் வாய்க்கு மூன்று துண்டுகள் போயின. 6.5 பிட் ஒன்று, 441-ஐ முடிக்கும்போது மழுங்கியிருந்தது. முதல் பலகை ஒன்பது மணி நேரம், இரண்டாவது ஐந்து.

மறுபடி செய்தால் 18 மி.மீ. பலகை எடுத்து 15 மி.மீ. ஆழம் போடுவேன். 8 மி.மீ. ஆழத்தில் அரை மி.மீ. தளர்வு என்பது குச்சியின் உச்சியில் இரண்டரை மி.மீ. ஆட்டமாகிறது. இப்போதைக்கு அடியைப் பார்த்துச் சரிபார்க்கிறோம். எண்களை அச்சோரம் மட்டும் எழுதாமல் விளிம்பிலும் எழுதுவேன், குச்சிகள் நிறைந்தால் அச்சின் எண்கள் மறைந்துவிடுகின்றன.

இன்று காலை அவன் கிளாம்பைத் தளர்த்தி, தகட்டை ஒய் அச்சிலிருந்து எக்ஸ் = 3 என்ற கோட்டுக்கு நகர்த்தியிருந்தான். யாரும் சொல்லவில்லை. (2, 5) போய் (4, 5)-இல் நின்றது, (−4, 1) போய்க் கடைசித் துளையான (10, 1)-இல் நின்றது. அடுத்து (−5, 1)-ஐ வைத்தான். பின்னால் செருகத் துளை இல்லை. அளவுகோலை எடுத்து, கடைசித் துளைக்கு வெளியே வெறும் விளிம்பில் 25 மி.மீ. அளந்து, பென்சிலால் ஒரு புள்ளி வைத்துவிட்டுத் தகட்டின் வழியே குனிந்து பார்த்துக்கொண்டிருந்தான்.